நீல அடிக்கோடு

காற்று மணிக்கு நூறைத் தாண்டியதால்
போர்வெனிர் படகு இன்று இல்லை.
புன்தா அரேனாஸ் துறைமுகத்தில்
சீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால்
எர்மிந்தா ஒயார்சுன்
திருப்பித் தரவேண்டிய பணத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மடல் வந்தது.
அனுப்பியவர் இஸ்மேனியா.
அக்கா.

ஆறு வருஷம்.
அப்பாவின் ட்ரக்கை விற்ற காசில்
யாருக்கு எவ்வளவு என்று தொடங்கி
யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதில் வந்து நின்ற ஆறு வருஷம்.
நடுவே ஒரு நீரிணை,
இரண்டு மணி நேரக் கடல்.
அக்கரைக்குத் தினமும் சீட்டு கிழிப்பவள்
தனக்கென்று ஒன்று கிழித்ததில்லை.

"எர்மிந்தா, இது நீதானே?
பழைய படம் ஒன்று கிடைத்தது, பார்."
கீழே நீல எழுத்து.
அதற்கும் கீழே நீலக் கோடு.

நெஞ்சு முதலில் போனது,
கை பின்னால் போனது.
திரையில் அம்புக்குறி நீலத்தின் மேல் ஏறியதும்
சின்னக் கையாக மாறி
ஒற்றை விரலை நீட்டியது,
அழுத்து, அழுத்து என்று.

சென்ற ஆகஸ்டில்
இதே மேசையில் பாரீயா
பார்சல் வந்திருக்கிறது என்ற ஒரு வரியை நம்பி அழுத்தினான்.
மூன்று நாள் எல்லாத் திரையும் கறுப்பு.
கார்பன் தாள் வைத்துச் சீட்டு எழுதினார்கள்.
நாற்பது செம்மறிகளோடு வந்த ஒருவர்
ஆட்டுக்கும் கையால் எழுதுவீர்களா என்று கத்தினார்.
சந்தியாகோவிலிருந்து வந்த கணினிப் பையன்
விதிகள் அச்சிட்ட தாளைச் சுவரில் ஒட்டிப் போனான்.
அது ஒரே வாரத்தில் விழுந்து,
இப்போது மடித்து
ஆடும் மேசைக்காலுக்கு அடியில் இருக்கிறது.

மேசை ஆடவில்லை.
அவளும் அழுத்தவில்லை.
விரலை நீலத்தின் மேல் வெறுமே நிறுத்தி வைத்தாள்.

திரையின் இடது மூலையில்,
யாரும் குனிந்து பார்க்காத அடிவரியில்,
அந்தக் கோடு போய்ச் சேரும் மெய்யான விலாசம் எழுந்தது.
ஆல்பம் என்றுதான் கண் படித்தது.
கண்ணாடியை மூக்கில் ஏற்றி இன்னொரு முறை படித்தாள்.
எம் இருக்கவேண்டிய இடத்தில்
ஆரும் என்னும் தோளோடு தோள் ஒட்டி நின்று
எம் போல நடித்தன.
நம் ரகரம் துணைக்காலைப் போல நின்று
நம்மை ஏய்ப்பதில்லையா, அப்படி.

இன்னொன்றும் உறுத்தியது.
அக்கா அவளை முழுப் பெயரில் கூப்பிட்டதே இல்லை.
மிந்தாதான்.
கோபம் வந்தால் மட்டும் எர்மிந்தா.
ஆனால் ஆறு வருஷமாகக் கோபம்தானே?
எழுத்தில் பிடிபட்ட பொய்
பெயரில் பிடிபடவில்லை.

மடலின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது.
அதைத் தொடவில்லை.
விரல்களுக்குப் பழகிய பழைய எண்ணை
விரல்களே அழுத்தின.

"நீ பதினோராவது ஆள்" என்றது அக்கரைக் குரல், ஹலோ கூட இல்லாமல்.
"பல் டாக்டர் கூப்பிட்டாச்சு, இறால்காரன் கூப்பிட்டாச்சு.
நான் யாருக்கும் ஒன்றும் அனுப்பவில்லை.
யாரோ என் பெயருக்குள் புகுந்துவிட்டான்."

"அந்தக் கணினியைத் தொடாதே.
வேறொன்றிலிருந்து கடவுச்சொல்லை மாற்று.
எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு.
பிறகு, போனுக்குக் குறியீடு வருமே, அதை..."

"மெதுவாகச் சொல், எழுதிக்கொள்கிறேன்."

எழுதும் சத்தம் கேட்டது.
அது நின்ற பிறகும்
இருவரும் வைக்கவில்லை.

"அப்படியென்றால்
படம் ஒன்றும் இல்லையா?"

"எந்தப் படம்?"

"ஒன்றுமில்லை."

கம்பியின் இரு முனையிலும் ஒரே காற்று அடித்தது.
"இருக்கும். பெட்டியில் தேடணும்" என்றாள் அக்கா.
"படகு எப்போ?"

"காற்று விட்டால் நாளை."

அதற்குமேல் வாடிக்கையாளர் யாரோ கண்ணாடியைத் தட்டினார்.

மாலையில் அந்த மடலை
மோசடி என்று குறியிட்டு,
கணினிப் பையனுக்கும் தகவல் சொல்லி,
அழிக்கப் போனவள்
ஒரு நிமிஷம் நின்றாள்.

ஆறு வருஷத்தில்
அந்தப் பெயரிலிருந்து வந்த
ஒரே மடல்.

அழித்தாள்.